மலைப்பாதைக்கு ஒரு நடுத்தர பைக்: இறக்கத்திலிருந்து யோசியுங்கள்

கினிகத்தேனையைத் தாண்டி கித்துல்கலைப் பக்கம் இறங்கும் வளைவுகளில்தான் எனக்கு பைக் என்றால் என்னவென்று விளங்கியது. வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. 150 சிசி, கைமாறி வந்தது. பின்னால் தம்பி, அவன் முதுகில் ஒரு பெரிய பை. வளைவுக்கு வளைவு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தேன். ஒரு வளைவில் லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போய்க் கைப்பிடியைத் தொட்டது. பைக் நிற்கவில்லை. பின் பிரேக்கை மிதித்து, கியரை இரண்டுக்கும் ஒன்றுக்கும் இறக்கி, எஞ்சின் அலற, பாதையோர மண்மேட்டில் உரசி நிறுத்தினேன். ஒரு கொழுந்து லொறி ஹோர்ன் அடித்தபடி எங்களைக் கடந்து போனது. தம்பி ஒன்றும் பேசவில்லை. இறங்கி, ஹெல்மட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் கராஜில் பிரேக் ஒயில் டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினார்கள். உள்ளே பிளேன்டீ நிறத்தில் இருந்தது. புது பிரேக் ஒயில் கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரி, இலேசான மஞ்சளாக இருக்க வேண்டும். விற்றவர் அதை மாற்றியதே இல்லை. வாங்கும்போது நானும் கேட்கவில்லை. நான் கேட்டதெல்லாம் இரண்டு கேள்விதான்: "எவ்வளவு ஓடும்? மேட்டில் இழுக்குமா?"

பைக் வாங்கப் போகும் பிள்ளைகள் இன்றைக்கும் இந்த இரண்டு கேள்வியோடுதான் வருகிறார்கள். மேட்டில் இழுக்காத பைக் நம்மைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஒழுங்காக இறங்காத பைக் ஆளைக் கொல்லும். அதனால் மலையகத்தில் இருந்துகொண்டு டவுனுக்கும் தூரப் பயணத்துக்கும் சேர்த்து ஒரே பைக் தேடுகிறவர்களுக்கு என் வழி இதுதான்: இறக்கத்தை மனதில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒழுங்கில்தான் வரும்.

முதலில் உங்கள் பாதையை எழுதுங்கள்

ஷோரூமுக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு பயணங்களை எழுதுங்கள். ஒன்று, வாரத்தில் ஐந்தாறு நாள் போகும் பாதை. மற்றது, வருடத்தில் இரண்டு மூன்று தடவை போக ஆசைப்படும் பாதை.

என் தாளில் முதல் வரி கொட்டகலை முதல் ஹட்டன் டவுன் வரை, தோட்டத்துப் பாதை ஒரு துண்டும் சேர்த்து. இரண்டாவது வரி கண்டி, மாத்தளை, தம்புள்ளை வழியாக யாழ்ப்பாணம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 மட்டும் 321 கிலோமீட்டர். உங்களுடையது பண்டாரவளையிலிருந்து எல்ல வழியாக வெல்லவாயவுக்கு இறங்கி கதிர்காமம் போவதாக இருக்கலாம், தம்புள்ளையிலிருந்து ஏ6 பிடித்து திருகோணமலைக்குப் போவதாக இருக்கலாம். எதுவானாலும் ஒவ்வொரு பாதைக்கும் பக்கத்தில் நான்கு விஷயம் குறியுங்கள்: பின்னால் ஆள் இருப்பாரா, எவ்வளவு சாமான், பாதை கார்ப்பட்டா கல்லா, நீளமான இறக்கம் எங்கே இருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். யூடியூபில் இந்திய வீடியோக்களைப் பார்த்துவிட்டு "ஹைவேயில் 120இல் போக வேண்டும்" என்று பெரிய எஞ்சின் தேடுகிறவர்கள் உண்டு. நம் நாட்டில் அதிவேக நெடுஞ்சாலை எதிலும் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. தெற்கு, கட்டுநாயக்க, கொழும்பு வெளிவட்டம், மத்திய அதிவேகப் பாதை எல்லாவற்றுக்கும் இதுதான் சட்டம். நமக்கு ஹைவே என்பது ஏ1, ஏ4, ஏ5, ஏ7, ஏ9 போன்ற பாதைகள். அங்கே ஊருக்கு வெளியே பைக்குக்கு 70, ஊருக்குள் 50. அதனால் ஒரு பைக் 140இல் போகுமா என்பது உங்களுக்குத் தேவையில்லாத தகவல். இருவரோடும் ஒரு பையோடும் 60, 70இல் நடுக்கமில்லாமல் போய், ஒரு பஸ்ஸைத் தாண்ட வேண்டி வந்தால் சட்டென்று தாண்டும் பலம் மிச்சம் இருந்தால் போதும். அதை ஒரு நல்ல 150 தரும், 200 தாராளமாகத் தரும்.

ஆகவே வெளிநாட்டுக்காரர்கள் "நடுத்தரம்" என்று சொல்லும் 500, 650 சிசி கணக்கு நமக்கு வேண்டாம். நமக்கு நடுத்தரம் 150இல் தொடங்கி 250இல் முடிகிறது. அதற்கு மேலே 350, 411 என்று ஒரு தட்டு இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சாரதி அனுமதிப்பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். அதில் ஏ1 வகுப்பு மட்டும் இருந்தால் 100 சிசி வரைதான். அதற்கு மேல் ஓட்ட ஏ வகுப்பு வேண்டும்.

எஞ்சின்: உயரம் தின்னும் பலம்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பில் இருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் எரிப்பதற்குக் காற்று வேண்டும். காற்று குறைந்தால் பலமும் அதே அளவுக்குக் குறையும். தாளில் 13 குதிரைவலு என்று போட்ட பைக் நுவரெலியாவில் 11 குதிரைவலு பைக்தான். ஹட்டன் 1,271 மீட்டர். அங்கே இழப்பு கொஞ்சம் குறைவு, ஆனாலும் தெரியும். கொழும்பில் ஓட்டிப் பார்த்து வாங்கி வந்தவர்கள் ரம்பொடை ஏற்றத்தில் "பைக்குக்கு ஏதோ வருத்தம்" என்று கராஜுக்கு ஓடுவது இதனால்தான்.

இதில் ஒரு பிரிவு உண்டு. கார்பரேட்டர் பைக் காற்று குறைந்ததை அறியாது. அதே அளவு பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். கலவையில் பெற்றோல் மிஞ்சி, பிளக் கறுத்து, இழுவை இன்னும் மந்தமாகும். பெற்றோலும் வீண். இன்ஜெக்ஷன் பைக் காற்றை அளந்து பெற்றோலைக் குறைத்துக்கொள்ளும். கொழும்புக்கும் நுவரெலியாவுக்கும் ஒரே பைக்கில் போய்வரப் போகிறவர் இன்ஜெக்ஷனைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். கையில் காசு குறைவு, கார்பரேட்டர்தான் கிடைக்கிறது என்றால் பரவாயில்லை, வாங்குங்கள். ஆனால் நீங்கள் வாழும் உயரத்துக்கு அதை டியூன் செய்யத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது, பலத்தைவிட இழுவிசையை (டோர்க்) பாருங்கள். அதுவும் எத்தனை ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை தடவை சுற்றும்போது, கிடைக்கிறது என்று பாருங்கள். பல்சர் என்எஸ்200 தரும் 24 சொச்சம் குதிரைவலு அந்த வகுப்பில் நல்ல பலம். ஆனால் அதன் உச்ச இழுவிசை சுமார் 18 நியூட்டன் மீட்டர், அது வருவது 8,000 ஆர்பிஎம்மில். ரோயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350க்கு 20 குதிரைவலுதான், ஆனால் 27 நியூட்டன் மீட்டர் 4,000 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். இருவரோடு கொண்டை ஊசி வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பி மேலே இழுக்கும்போது எஞ்சின் 3,000, 4,000இல்தான் சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே கிடைக்கும் இழுவைதான் நமக்குக் கணக்கு. மேலே மட்டும் சீறும் எஞ்சினைக் கியர் மாற்றி மாற்றி ஓட்டத் தெரிந்தவர்கள் ரசித்து ஓட்டுவார்கள். புதிதாக ஓட்டுகிறவருக்குக் களைப்புதான்.

பெற்றோலையும் மறக்காதீர்கள். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீடு வந்தபோது ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீட்டர்தான் கிடைத்தது. லீட்டருக்கு 45 கிலோமீட்டர் போகும் 150 வைத்திருந்தவர் வாரத்தில் 180 கிலோமீட்டர் போனார். 30 போகும் பைக்காரர் 120உடன் நிறுத்திக்கொண்டார். அப்படி ஒரு காலம் திரும்ப வரக்கூடாது. ஆனால் மாதச் சம்பளத்தில் பெற்றோல் செட்டுக்குப் போகும் பங்கு எவ்வளவு என்பதை இப்போதும் அதே கணக்குத்தான் சொல்லும்.

பிரேக்: இங்கே காசைப் பார்க்காதீர்கள்

நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு வந்து சேர்வதற்குள் ஏறத்தாழ 1,400 மீட்டர் கீழே இறங்குகிறோம். பைக் 140 கிலோ, இரண்டு பேர் 130 கிலோ, சாமான் 10 கிலோ என்றால் 280 கிலோ. அவ்வளவு பாரமும் அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும் சக்தி எங்கேயாவது போயாக வேண்டும். ஒன்று எஞ்சின் அதைத் தாங்கும், இல்லாவிட்டால் பிரேக் தாங்கும். பிரேக்கிலேயே முழுவதையும் ஏற்றினால் அது சூடாகும்.

சூடானால் என்ன நடக்கும்? பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. நம் ஊர் மாதிரி ஈரமான ஊரில் அது தாராளமாக உறிஞ்சும். டொட் 4 என்ற வகை பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அதற்கு 155 பாகையே வரம்பு. டொட் 3க்கு அது 205, 140. நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு ஒயிலுக்கு ஏறும். ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் வரும். ஆவி அமுங்கும், ஒயில் அமுங்காது. நீங்கள் லீவரை அழுத்த, குமிழ் அமுங்க, டிஸ்க்கில் ஒன்றும் நடக்காது. கினிகத்தேனையில் என் கைக்குள் நடந்தது இதுதான்.

அதனால் பைக்கில் பார்க்க வேண்டியவை இவை. முன்னால் டிஸ்க் கட்டாயம். பின்னாலும் டிஸ்க் இருந்தால் நல்லது, டிரம் இருந்தால் அதற்காக ஒரு நல்ல பைக்கைத் தள்ள வேண்டியதில்லை. ஏபிஎஸ் உள்ளதைத்தான் எடுங்கள். ஈரமான கார்ப்பட் பாதையில், அதுவும் கொழுந்து லொறியோ பஸ்ஸோ டீசல் சிந்திப் போன வளைவில், முன் சில்லு பூட்டிக்கொண்டால் விழுவதற்கு அரை விநாடி போதும். ஏபிஎஸ் சில்லு பூட்டாமல் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும்.

இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம். அதற்காக அதே பெயரில் இங்கே வரும் பைக்கிலும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஏற்றுமதிக்குச் செய்த பைக்கில் இல்லாமலும் இருக்கலாம். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்க்க வேண்டாம், குனிந்து முன் சில்லைப் பாருங்கள். டிஸ்க்குக்குப் பக்கத்தில் சிறு துளைகளோ பற்களோ உள்ள ஒரு வளையமும், அதை ஒட்டி ஒரு வயர் கட்டிய சென்சரும் இருக்க வேண்டும். சுவிட்சைப் போட்டதும் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு எரிந்து, பைக் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். எரியவே எரியாத விளக்கும் அணையவே அணையாத விளக்கும் இரண்டுமே கெட்ட செய்தி.

இதோடு சேர்ந்தது எஞ்சின் பிரேக்கிங். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று லொறி ஓட்டும் பெரியவர்கள் சொல்வார்கள். பைக்குக்கும் அதுதான். இரண்டில், மூன்றில் போட்டு திரொட்டிலை மூடினால் ஒரு சிலிண்டர் எஞ்சின் நன்றாகவே பிடித்து இறக்கும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் அழுத்தமாக ஒரு தடவை பிடித்து விட்டுவிடுங்கள். இடையில் டிஸ்க் ஆறும்.

ஆனால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறார்கள். சிலர் சுவிட்சையே அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்கும். இன்ஜெக்ஷன் பைக்கில் அந்த மிச்சமும் இல்லை. கியரில் இருந்தபடி திரொட்டிலை மூடி இறங்கும்போது எஞ்சினுக்குப் பெற்றோல் போவதையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடும், சில்லுதான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெற்றோல் ஊற்ற வேண்டும். ஆக, நியூட்ரலில்தான் செலவு அதிகம். வீட்டில் பைக் ஓட்டும் பிள்ளை இருந்தால் இதை மட்டுமாவது படித்துக் காட்டுங்கள்.

உயரமும் பாரமும்

கால் நிலத்தில் படுகிறதா என்று ஷோரூமின் சமதரையில் பார்ப்பது போதாது. மேட்டில் நின்று எடுக்கும்போது வலது கால் பின் பிரேக்கில் இருக்கும். பைக்கையும் பின்னால் இருக்கிறவரையும் தாங்குவது இடது கால் மட்டும்தான். நாம் இடது பக்கம் போகிறவர்கள். நம் பாதைகள் அநேகமாக இடது பக்கம் கானை நோக்கிச் சரிந்திருக்கும். அப்போது சமதரையில் நுனிக்கால் பட்ட இடம் இங்கே எட்டாது. ஐந்தடி நாலங்குலக்காரருக்கு 800 மில்லிமீட்டர் சீட் வரை சமாளிக்கலாம். 825இல் கொஞ்சம் பழகியவர்தான் சமாளிப்பார்.

பாரமும் அப்படித்தான். யமஹா எஃப்இசட் 135 கிலோ சொச்சம், கிளாசிக் 350 ஏறத்தாழ 195 கிலோ. ஓடும்போது இந்த அறுபது கிலோ தெரியாது, பாரம் பைக்கை நிதானமாகவும் வைத்திருக்கும். லயத்துக்கு முன்னால் ஒடுக்கமான இடத்தில் திருப்பும்போது, மழையில் சறுக்கும் கல்பாதையில் பின்னோக்கித் தள்ளும்போது, அந்த அறுபது கிலோ முழுவதும் உங்கள் இடுப்பில் இருக்கும்.

டயர்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அலோய் சில்லும் டியூப்லெஸ் டயரும் என்றால் ஆணி குத்தினாலும் காற்று மெதுவாகத்தான் போகும், பாதையோரத்திலேயே பிளக் போட்டு ஓட்டலாம். கம்பிச் சில்லு கல்பாதையில் அடி தாங்கும், ஆனால் பெரும்பாலும் டியூப் உள்ளது. உங்கள் தாளில் தோட்டத்துப் பாதை பாதிக்கு மேல் இருந்தால் கம்பி, இல்லாவிட்டால் அலோய். அகலமான டயர் அழகு என்று கம்பனி கொடுத்த அளவுக்கு மேல் போடாதீர்கள். வளைவில் பைக் சாய மறுக்கும்.

சரி, எந்த பைக்?

பெயர் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையால் பிரயோசனம் இல்லை.

முதல் பைக், தினமும் டவுன், வருடத்தில் சில தடவை தூரம் என்றால் யமஹா எஃப்இசட் இன்ஜெக்ஷன் மாதிரியையோ சுசுகி ஜிக்சர் 155ஐயோ சொல்வேன். இரண்டும் இலேசு, கீழ் ஆர்பிஎம்மில் இழுவை மென்மை, பின்னால் அகலமான டியூப்லெஸ் டயர். நுவரெலியா உயரத்தில் இருவரோடு ஏறும்போது இரண்டாம் கியரில் பொறுமையாக ஏற வேண்டி வரும், அவ்வளவுதான். பழைய பல்சர் 150க்கு 15 லீட்டர் டேங்க், பார்ட்ஸ் எந்தச் சின்ன டவுனிலும் கிடைக்கும். ஏபிஎஸ் இல்லாத, கார்பரேட்டர் வைத்த பழையது என்பதை அறிந்து வாங்குங்கள்.

டவுனுக்கும் தூரத்துக்கும் சம பங்கு, பெரும்பாலும் இருவர் என்றால் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 200 என் முதல் தெரிவு. என்எஸ்200 அதைவிடப் பலசாலி. ரேடியேட்டர் உள்ளதால் கண்டி கெட்டம்பே நெரிசலில் நின்று நின்று போகும்போது எஞ்சின் சூட்டைத் தாங்கும், ஆனால் முன்னே சொன்ன மாதிரி கியர் வேலை அதிகம்.

தோட்டத்துப் பாதை அதிகம் என்றால் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 போன்ற உயரமான பைக். 220 மில்லிமீட்டர் தரை இடைவெளி இருப்பதால் கல்லில் எஞ்சின் அடிபடாது, ஆனால் சீட் உயரம் 825 பக்கம். ஜப்பானிலிருந்து வந்த யமஹா செரோ போன்ற பழைய ட்ரெயில் பைக்குகள் மலைக்கென்றே செய்த மாதிரி இலேசாக இருக்கும். பார்ட்ஸ்ஸுக்குக் கொழும்புக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்கப் பொறுமை இருந்தால் அதைவிட நல்ல சாமான் இல்லை.

350, 411 தட்டு? கீழ் இழுவை அருமை, இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பும் அருமை. இரண்டாவது பைக்காக எடுங்கள். முதல் பைக்காக வேண்டாம்.

2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல்தான் திரும்பத் திறந்தது என்பதால் இடைப்பட்ட வருடத்து பைக்குகள் சந்தையில் குறைவு. பழையதுக்கும் நல்ல விலை கேட்கிறார்கள். எந்த பைக்கை நினைத்தாலும், முற்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் டவுனில் உள்ள பார்ட்ஸ் கடைக்குப் போய் நான்கு சாமான் கேளுங்கள்: கிளச் கேபிள், முன் பிரேக் பேட், செயின் செட், முன் பிரேக் லீவர். நான்கில் மூன்று அன்றே கிடைத்தால் அது உங்கள் ஊருக்கு ஏற்ற பைக்.

ஓட்டிப் பார்ப்பது எப்படி

மேடுள்ள இடத்தில்தான் ஓட்டிப் பார்ப்பேன் என்று சொல்லுங்கள். நேர் பாதையில் எல்லா பைக்கும் நல்ல பைக்தான். பின்னால் உட்கார ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

மேட்டின் நடுவில் முழுதாக நிறுத்தி, பின் பிரேக்கில் பிடித்து, கிளச்சை மெதுவாக விட்டு எடுங்கள். பின்னோக்கி வழுக்காமல், அதிக ரேஸ் இல்லாமல் எடுபட வேண்டும். பிறகு மூன்றாம் கியரில் 25 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்து அங்கிருந்து திரொட்டிலைத் திறந்து பாருங்கள். உதறாமல் இழுக்கிறதா? திரும்பி வரும்போது இரண்டாம் கியரில் பிரேக் தொடாமல் இறங்கிப் பாருங்கள். வேகம் தானாக ஏறிக்கொண்டே போனால் அந்த பைக்கின் எஞ்சின் பிடிப்பு உங்கள் பாதைக்குப் போதாது. கடைசியாக, பாதையின் அகலத்துக்குள் ஒரு யூ டேர்ன் எடுத்து, இறங்கி, மேட்டில் பத்தடி பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். இந்த ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் அறிவு ஐம்பது வீடியோ பார்த்தாலும் கிடைக்காது.

ஏறுவதில் மட்டும் கொஞ்சம் குறை, மற்றதெல்லாம் பிடித்திருக்கிறது என்றால் ஒரு வழி உண்டு. முன் செயின் பல்சக்கரத்தை ஒரு பல் குறைந்ததாக மாற்றலாம். 14 பல்லுக்குப் பதில் 13 என்றால் சுமார் 8 வீதம் இழுவை கூடும், இறக்கத்தில் பிடிப்பும் அதே அளவு கூடும். மேல் வேகம் கொஞ்சம் குறையும், நமக்கு அது வேண்டாதது.

கைமாறும் பைக் என்றால்

எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள், முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தால் கேள்வி கேளுங்கள். பிரேக் ஒயில் டப்பாவின் கண்ணாடியில் நிறம் பாருங்கள். டிஸ்க்கில் விரல் நகத்தை ஓட்டுங்கள், பள்ளம் தட்டினால் தேய்ந்திருக்கிறது. டிஸ்க் நீலம் பாரித்திருந்தால் அது சூடாகி வந்த பைக். ஸ்டியரிங்கை நடுவில் வைத்து இரு பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள், நடுவில் ஒரு பிடி விழுந்தால் பேரிங் போய்விட்டது. குழியில் விழுந்து விழுந்து ஓடும் நம் பைக்குகளில் இது சாதாரணம்.

பேப்பரில் அவசரப்படாதீர்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பைக்கில் வெட்டியிருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும், நீங்களே தடவிப் பாருங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் கடன் முடியவில்லை என்று அர்த்தம். முடிந்துவிட்டது என்று வாய்ப்பேச்சு வேண்டாம், விடுவிப்புக் கடிதம் வேண்டும். ஓப்பன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் கையெழுத்திட்ட படிவத்தோடு மட்டும், பல கை மாறி வந்த பைக்கை மலிவு என்று எடுத்து, பெயர் மாற்ற முடியாமல் அலைகிறவர்களை எனக்குத் தெரியும். புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது, அவற்றின் திகதியையும் பாருங்கள்.

மழைக்கும் மூடுபனிக்கும்

பைக்குக்கு ஒதுக்கிய காசில் ஒரு பங்கைத் தனியே வையுங்கள். இரண்டு நல்ல ஹெல்மட், சட்டையும் காற்சட்டையும் தனித்தனியாக உள்ள ரெயின்கோட், கையுறை. போர்த்திக்கொள்ளும் மழைக்கோட் வேண்டவே வேண்டாம், அது காற்றில் பறந்து செயினில் சுற்றும்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை ஹட்டன், வட்டவளை, நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் கொட்டும். வட்டவளை நாட்டிலேயே அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்று. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை பதுளைப் பக்கத்து முறை. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை இரு பக்கமும். தூரப் பயணத்தை இந்தக் கணக்கில் போடுங்கள், காலையிலேயே மலையைத் தாண்டிவிடுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் நம் பாதைகளுக்கு என்ன நடந்தது என்று பார்த்தோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் வழியில் உள்ள பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால் அன்று பைக் வீட்டில் நிற்கட்டும்.

சென் கிளையர் பக்கம் மூடுபனி இறங்கும்போது ஹைபீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோபீம் போடுங்கள், இடது ஓரக் கோட்டைப் பார்த்துப் போங்கள்.

முதல் மாதம்

முதல் சேவிஸை கம்பனி சொன்ன கிலோமீட்டரில் செய்யுங்கள். 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, மழைக்காலத்தில் அதற்கும் முன்பே, செயினைத் துடைத்து ஒயில் போடுங்கள். பின்னால் ஆளை ஏற்றுவதற்கு முன் தனியாக ஒரு நீண்ட இறக்கத்தைக் காலை வெளிச்சத்தில் இறங்கிப் பழகுங்கள். பாதி வழியில் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, டிஸ்க்கைத் தொடாமல் பக்கத்தில் கையை நீட்டிப் பாருங்கள். அனல் அடித்தால் நீங்கள் பிரேக்கில் இறங்கியிருக்கிறீர்கள். அடுத்த துண்டை ஒரு கியர் குறைத்து இறங்குங்கள்.

பழைய பைக் வாங்கியவர், எவ்வளவு ஓடியது என்று யார் என்ன சொன்னாலும், முதல் நாளே பிரேக் ஒயிலை மாற்றுங்கள். பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. மாற்றிய திகதியை ஒரு சிறு துண்டு டேப்பில் எழுதி அந்த டப்பாவிலேயே ஒட்டிவிடுங்கள். என் பைக்கில் ஒட்டியிருக்கிறது. தம்பி ஏறுவதற்கு முன் குனிந்து அதைத்தான் முதலில் படிப்பான்.